பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

அம்மம்மாவிடம் ஒரு பழைய துணிப்பை இருக்கு. அதுக்குள்ள மூன்று கிளினிக் கொப்பிகள், ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டின குளிசை உறைகள், பழைய ஈ.சி.ஜி. ரிப்போர்ட் ஒன்று, வெற்றிலைக்கு வைத்திருக்கிற சில்லறைக் காசு. பெரியாஸ்பத்திரி கிளினிக்குக்குப் போற நாளில் மட்டும் அந்தப் பை வீட்டை விட்டு வெளியில் போகும். மற்ற நாட்களில் சாமி அறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும்.

இரண்டு வருசத்துக்கு முதல், சிறுபோக அறுவடை முடிந்த நேரம், அம்மம்மாவுக்குப் பல்லுக் கொதி வந்தது. கன்னம் வீங்கிப்போச்சு. பல் டொக்டரிடம் போகும்போது பையைக் கொண்டுபோகவில்லை. அவர் வீக்கம் வற்றட்டும், பிறகு பிடுங்குவோம் என்று ஐந்து நாளைக்குக் குளிசை எழுதினார். அந்தக் குளிசையின் பெயர் மெற்றோனிடசோல். அதே கிழமை முழங்கால் நோவுக்கு ஒரு பாமசியில் துண்டு இல்லாமலேயே டைக்குளோஃபெனாக் ஒரு கார்ட் வாங்கியிருக்கிறா. வயலில் நெல்லுக் காயப்போட்டுக் கிண்டினால் முழங்கால் நோகாதா?

நாலாம் நாள் வாய் கொப்பளிக்கும்போது ரத்தம். பல் வீங்கினதால்தான் என்று நினைத்தோம். முழங்கைக்குக் கீழே ஊதா நிறத்தில் கண்டல். எங்கேயோ இடிபட்டிருக்கும் என்றா. ஆறாம் நாள் மலம் கறுப்பாகப் போனதை அவ யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தா. ஒட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினோம்.

அம்மம்மா பதினொரு வருசமாக வோபரின் குடிக்கிறா. சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதய வால்வு ஒன்றைச் சுருக்கிவிட்டது, நெஞ்சு தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் துடிக்கிற நெஞ்சுக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போய் அடைத்தால் பாரிசவாதம். அதைத் தடுக்கத்தான் வோபரின். அவவுக்கு ஐ.என்.ஆர். என்கிற அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்கவேணும். அன்றைக்கு 9-ஐத் தாண்டியிருந்தது.

வாட்டில் இருந்த டொக்டர் மூன்று தரம் கேட்டார், "வேற ஏதும் குளிசை குடிச்சீங்களா அம்மா?" மூன்று தரமும் இல்லை என்றா. கடைசியில் அம்மா பல்லுக் குளிசையைச் சொல்ல, அம்மம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது பல்லுக்குக் குடிச்சது. பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?"

விற்றமின் கே ஏற்றினார்கள், ரத்தமும் ஏற்றினார்கள், உயிர் தப்பி வந்தா. நான் கலைப்பீடத்தில் வரலாறு படிக்கிற ஆள். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் அவ கேட்ட கேள்வி எனக்கு நியாயமாகத்தான் பட்டது. பதில் தேடிப் போனபோது நான் வந்து சேர்ந்த இடம் ஆஸ்பத்திரி இல்லை, ஒரு மாட்டுப் பட்டி.

1920-களின் தொடக்கம். கனடாவின் அல்பேர்ட்டாவிலும் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவிலும் மாடுகள் ரத்தம் பெருகிச் சாகத் தொடங்கின. கொம்பு வெட்டினால் ரத்தம் நிற்காது. கன்று போட்டால் நிற்காது. சில மாடுகள் ஒரு காயமும் இல்லாமல் உள்ளுக்குள் ரத்தம் கசிந்தே விழுந்தன. தொற்று நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஒன்ராறியோவின் கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருந்த ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட் மாட்டை விட்டுவிட்டு அது தின்னுகிற தீனைப் பார்த்தார். சுவீட் குளோவர் என்று ஒரு தீவனச் செடி, அவரைக் குடும்பம், மண் வளமில்லாத இடத்திலும் வளரும். அதை வெட்டிக் காயவைத்து மாரிக்குச் சேமிப்பார்கள். அந்த வருசங்களில் ஈரம் கூடி, காய்ந்த குளோவர் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஸ்கோஃபீல்ட் ஒரே குவியலில் இருந்து நல்ல தண்டுகளையும் கெட்ட தண்டுகளையும் வேறு வேறாகப் பிரித்து முயல்களுக்குக் கொடுத்தார். நல்லதைத் தின்ற முயல் பிழைத்தது. கெட்டதைத் தின்றது ரத்தம் பெருகிச் செத்தது.

(இந்த ஸ்கோஃபீல்டைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இதற்கு முதல் இவர் கொரியாவில் மிஷனரியாக இருந்தவர். 1919-ல் ஜப்பானிய ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது நடந்த அடக்குமுறையைப் படம் பிடித்து வெளியுலகுக்குக் காட்டினார். சியோலில் உள்ள தேசிய கல்லறையில்தான் அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். கொரியர்கள் அவரை மறக்கவில்லை. மாட்டு நோய் அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.)

அப்போது இருந்த வைத்தியம் இரண்டுதான். அந்தத் தீனை நிறுத்து. இல்லாவிட்டால் சுகமான மாட்டின் ரத்தத்தை ஏற்று. தீனை நிறுத்து என்று சொல்லுவது லேசு. தம்பலகாமத்தில் மாடு வளர்க்கிற ஆட்களைக் கேட்டால் தெரியும், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த வைக்கோலைக் கொட்டிவிட்டு வேறு வைக்கோல் வாங்குவதற்குக் கையில் காசு வேணும். எங்கட வைக்கோலில் குளோவரின் அந்தக் குணம் இல்லை, பயப்படத் தேவையில்லை. ஆனால் அந்த நிலைமை எங்களுக்குத் தெரிந்ததுதான்.

1933 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருக்கு. விஸ்கொன்சின் மாநிலத்தில் எட் கார்ல்சன் என்ற விவசாயி பனிப்புயலுக்குள்ளால் மடிசன் நகரத்துக்கு லொறி ஓட்டிக்கொண்டு வருகிறார். கிட்டத்தட்ட 200 மைல், அதாவது தம்பலகாமத்திலிருந்து கொழும்புக்குப் போறதைவிடக் கூடின தூரம். லொறியில் செத்த பசு ஒன்று, உறையாத ரத்தம் ஒரு பால் கான் நிறைய, பழுதான குளோவர் 100 இறாத்தல். அரசாங்க மிருக வைத்தியர் அலுவலகம் சனிக்கிழமை பூட்டு. திறந்திருந்த ஒரு கதவு பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் கட்டடம். உள்ளே இருந்தவர் கார்ல் போல் லிங்க்.

லிங்க்கால் அவருக்குப் புதிதாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தத் தீனைப் போடாதே, ரத்தம் ஏற்றிப்பார் என்று பத்து வருசத்துக்கு முதல் சொன்னதையே திருப்பிச் சொல்லி அனுப்பினார். ஆனால் பால் கான் அங்கேயே நின்றுவிட்டது. லிங்க்கும் அவருடைய உதவியாளர் ஷோஃபலும் அந்த ரத்தத்தோடு அன்று பின்னேரமே வேலை தொடங்கினார்கள். 1939-ல்தான் ஹரல்ட் காம்பெல் என்ற ஆய்வாளர் அந்தக் குழுவில் நின்று கெட்ட குளோவருக்குள் இருந்த பொருளைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். ஆறு வருசத்துக்கும் மேல். அதன் பெயர் டைகூமரோல். புதிதாக வெட்டின குளோவரில் நல்ல வாசனை தருகிற கூமரின் என்ற பொருளைப் பூஞ்சணம் மாற்றி உண்டாக்கின நஞ்சு அது.

1940-களின் தொடக்கத்திலேயே டைகூமரோலை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் கட்டியாகிறது ஆபத்து என்றால், உறைய விடாத பொருள் மருந்துதானே. அதுவரை இருந்த ஹெப்பரின் ஊசியில் போடுகிற மருந்து. வாயால் விழுங்கக்கூடியது வந்தது பெரிய விசயம்.

எலி வருவது இதற்குப் பிறகு. 1945-ல் லிங்க் நெஞ்சு நோயால் சனட்டோரியத்தில் படுத்திருந்தார். பொழுது போகாமல் எலி ஒழிப்பின் வரலாற்றை வாசித்துக்கொண்டிருந்தவருக்கு அந்த யோசனை வந்தது. எலி புத்திசாலி. ஒரு எலி தின்ற உடனே செத்தால் மற்றது அந்தத் தீனைத் தொடாது. நாலைந்து நாள் கழித்து, எதனால் என்று தெரியாமல் சாக வேணும். தன்னுடைய ஆய்வுகூடம் செய்துவைத்த பொருட்களில் 42-ஆம் எண்ணை எடுத்தார். 1948-ல் அது எலிப் பாசாணமாகச் சந்தைக்கு வந்தது. ஆய்வுக்குக் காசு கொடுத்த விஸ்கொன்சின் பட்டதாரிகள் ஆய்வு நிறுவனத்தின் ஆங்கில எழுத்துகளோடு கூமரினின் வால் சேர்ந்து வோபரின் ஆனது.

1951-ல் அமெரிக்கப் படையில் புதிதாகச் சேர்ந்த ஒரு இளைஞன் பல நாளாக இந்தப் பாசாணத்தைத் தின்று உயிரை விடப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் ரத்தமும் விற்றமின் கேயும் கொடுக்க எழும்பி உட்கார்ந்துவிட்டான். மனிதர் இதைத் தாங்குவார்கள், மாற்று மருந்தும் கையில் இருக்கு என்று மருத்துவர்களுக்கு விளங்கியது. 1954-ல் மனிதருக்கான மருந்தாக அனுமதி. அடுத்த வருசம் ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தபோது அவருக்கும் அதுதான்.

இந்தக் கதையை எலிப் பாசாணம் மருந்தான அதிசயமாகத்தான் எல்லாரும் சொல்லுகிறார்கள். நான் முதலில் வாசித்தபோதும் அதுதான் கண்ணில் பட்டது. ஆனால் திரும்ப வாசித்தபோது வேறொன்று உறுத்தியது. முதல் நாளிலிருந்து இதில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: மாடு என்ன தின்றது? ஸ்கோஃபீல்ட் கேட்டது அது, கார்ல்சனிடம் லிங்க் கேட்டது அது, வாட்டில் டொக்டர் மூன்று தரம் கேட்டதும் அதுதான். வோபரினின் வரலாறு என்பதே அதோடு கூட உள்ளே போன மற்றப் பொருட்களின் வரலாறு.

ஏன் இந்த மருந்து மட்டும் இவ்வளவு தொட்டாற்சுருங்கியாக இருக்கு? ரத்தத்தை மெல்லியதாக்கிற குளிசை என்று நாங்கள் சொல்லுறோம். உண்மையில் ரத்தம் தண்ணியாகிறதில்லை. ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களை ஈரல் செய்கிறது. அதைச் செய்ய விற்றமின் கே வேணும். டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் கோழிக் குஞ்சுகளில் கண்டுபிடித்த விற்றமின் அது. கே என்பது உறைதலுக்கான டேனிஷ், ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. ஈரல் ஒரு தரம் பாவித்த விற்றமின் கேயைத் திரும்பப் புதுப்பித்து மறுபடி பாவிக்கும். வோபரின் அந்தப் புதுப்பிக்கிற வேலையை மறிக்கும். ஏற்கெனவே ரத்தத்தில் ஓடுகிற புரதம் தீர்ந்துபோகச் சில நாள் செல்லும். அதனால்தான் மாடு உடனே சாகவில்லை, எலி உடனே சாகவில்லை, அம்மம்மாவுக்கும் முதல் நாளே ரத்தம் வரவில்லை. சாப்பிட்ட பொருளுக்கும் வந்த விளைவுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. அந்த இடைவெளிக்குள் எல்லாரும் காரணத்தை மறந்துவிடுகிறோம்.

அதோடு, போதுமான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் நடுவில் உள்ள இடம் மிக ஒடுக்கம். குறைந்தால் பாரிசவாதம், கூடினால் ரத்தப்பெருக்கு. வயல் வரப்பு மாதிரி. நடக்கலாம், ஆனால் பக்கத்தில் யாராவது இடித்தால் சேற்றுக்குள்தான்.

இடிக்கிற முதல் ஆளைக் கண்டுபிடித்ததும் லிங்க்கின் ஆய்வுகூடம்தான். டைகூமரோலை உடைத்துப் பார்த்தபோது சலிசிலிக் அமிலம் வந்தது. அஸ்பிரினின் நெருங்கிய உறவு அது. அப்படியென்றால் அஸ்பிரினும் ரத்தம் உறைவதைக் குறைக்குமா? 1940-களின் தொடக்கத்தில் எலிகளில் சோதித்து, சலிசிலேற்று கூடினால் உறைகிற சக்தி குறைகிறது என்று எழுதினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிற தலையிடிக் குளிசை அது. அஸ்பிரின் ரத்தத்தட்டுகளைக் குழப்புகிற விதம் விளங்க 1971-ல் ஜோன் வேன் வரவேண்டியிருந்தது.

பிறகு 1950-கள், 60-கள். மூட்டு நோவுக்கு ஃபீனைல்பியூட்டசோன் என்று ஒரு மருந்து பிரபலம். வோபரினோடு அதைக் குடித்தவர்களுக்கு ரத்தம் கொட்டியது. இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள்: வோபரின் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டு போகிறது, புது மருந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது, தள்ளப்பட்ட வோபரின் வேலை செய்கிறது. பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி லேசாக விளங்குகிற கதை. பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. 1974-ல் வந்த ஆய்வு அது முழுக்கதை இல்லை என்று காட்டியது. வோபரினில் வலது கை, இடது கை மாதிரி இரண்டு வடிவங்கள் கலந்திருக்கு. அதில் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு பலமானது. ஃபீனைல்பியூட்டசோன் ஈரலைப் பிடித்து, அந்தப் பலமான வடிவத்தை அழிக்க விடாமல் மறிக்கிறது. அதுதான் விசயம்.

1976-ல் றொபர்ட் ஓ'ரைலி என்பவர் இதே பொறிமுறையை இன்னொரு மருந்தில் காட்டினார். அந்தப் பெயரை வாசித்தபோது நான் கொஞ்ச நேரம் ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். மெற்றோனிடசோல். அம்மம்மாவின் பல்லுக் குளிசை. எங்கட அம்மாவே பிறக்காத காலத்தில் எழுதிவைத்த விசயம்.

ஆகவே அவ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். பல்லையும் நெஞ்சையும் சேர்த்து வைத்திருப்பது ஈரல். ஈரலுக்கு இது பல் மருந்து, அது நெஞ்சு மருந்து என்று தெரியாது. ஒரே வாசலில் வந்து நிற்கிற இரண்டு ஆட்களைத்தான் அது காணுகிறது. டைக்குளோஃபெனாக் செய்தது வேறு வேலை. அது வயிற்றின் உள்தோலைப் புண்ணாக்கும், ரத்தத்தட்டுகளையும் மந்தமாக்கும். ஐ.என்.ஆர். கூடாவிட்டாலும் அந்தப் புண்ணிலிருந்து ரத்தம் கசியும், ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது. மெற்றோனிடசோல் தடுப்பணையை உடைத்தது, டைக்குளோஃபெனாக் வாய்க்காலை வெட்டிக் கொடுத்தது.

எதிர்ப்பக்கமும் இருக்கு, அது இன்னும் பொல்லாதது. 1960-களில் ஆஸ்பத்திரியில் படுக்கிற ஆட்களுக்கு நித்திரைக்கு பார்பிச்சுரேற்றுக் குளிசை கொடுப்பது வழக்கம். அது ஈரலை வேகமாக வேலை செய்யவைத்து வோபரினைச் சீக்கிரம் அழிக்கும். அதனால் வோபரின் அளவைக் கூட்டுவார்கள். எல்லாம் சரியாக வந்ததும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். வீட்டில் நித்திரை தானாக வரும், குளிசையை நிறுத்திவிடுவார்கள். ஈரல் பழைய வேகத்துக்குத் திரும்பும். வோபரின் மட்டும் கூட்டின அளவிலேயே நிற்கும். சில கிழமைக்குள் ரத்தப்பெருக்கு. புதிதாக ஒன்றும் குடிக்கவில்லை, ஒன்றை நிறுத்தினதுதான் பிழை. இன்றைக்கு காசநோய்க்குக் கொடுக்கிற றிஃபாம்பிசினும் வலிப்புக்குக் கொடுக்கிற காபமசெபினும் இதே மாதிரி வேலை செய்கின்றன.

அளக்கிற கோலும் வெகுகாலம் ஒழுங்காக இருக்கவில்லை. ரத்தம் உறைய எடுக்கிற நேரத்தை அளக்கும் முறையை ஆர்மண்ட் குவிக் 1935-ல் எழுதினார். ஆனால் அதற்குப் பாவிக்கிற வேதிப்பொருள் ஊருக்கு ஊர் வேறு. ஒரே ரத்தத்துக்கு இரண்டு ஆய்வுகூடத்தில் இரண்டு கணக்கு வரும், அதை வைத்து இரண்டு விதமாகக் குளிசை கொடுப்பார்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த ஐ.என்.ஆர். முறையை உலக சுகாதார நிறுவனம் 1983-ல்தான் ஏற்றுக்கொண்டது. அம்மம்மாவின் கொப்பியில் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிற அந்த இரண்டு இலக்கத்துக்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சண்டை.

இலங்கைப் பக்கம் வந்தால் சேனக பிபிலையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மருந்தியல் பேராசிரியர். 1971-ல் தொடங்கின அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். மருந்தை நிறுவனம் வைத்த வணிகப் பெயரில் இல்லாமல், பொதுப் பெயரில் வாங்கவேணும், எழுதவேணும் என்று நின்றவர். 1977-ல் கயானாவில் இருந்தபோது இறந்துபோனார். அவரை விலை குறைத்த மனிதராகத்தான் நாங்கள் ஞாபகம் வைத்திருக்கிறோம், அது சரிதான், ஏழை நாட்டுக்கு அதுதான் பெரிய விசயம். ஆனால் பெயர் என்பது விலை மட்டும் இல்லை. அம்மம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தபோது டைக்குளோஃபெனாக் இரண்டு வேறு பெயரில் இரண்டு கார்ட் இருந்தது. ஒன்று முழங்காலுக்கு, மற்றது நாரி நோவுக்கு என்று நினைத்து வைத்திருக்கிறா. பொதுப் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தால் அம்மாவுக்காவது விளங்கியிருக்கும்.

எங்கட அரசாங்க கிளினிக் முறையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு சதம் கொடுக்காமல் பதினொரு வருசம் மருந்தும் ரத்தப் பரிசோதனையும் கிடைத்திருக்கு. உலகத்தில் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது? ஆனால் அந்த முறையின் ஞாபகம் முழுக்க ஒரு கொப்பியில்தான் இருக்கு. நெஞ்சுக்கு ஒரு கொப்பி, சுகருக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று. தனியார் டொக்டருக்குக் கொப்பியே இல்லை, ஒரு துண்டுதான். பல் டொக்டர் நெஞ்சுக் கொப்பியைக் காணவில்லை, நெஞ்சு டொக்டர் பல்லுத் துண்டைக் காணவில்லை. எல்லாவற்றையும் கண்ட ஒரே ஆள் அம்மம்மா, அவவுக்கு அதிலுள்ள ஆங்கில எழுத்துத் தெரியாது. குளிசை உறையில் எழுதியிருக்கிற சுருக்கெழுத்து எனக்கே தெரியாது, பல்கலைக்கழகத்தில் படிக்கிற எனக்கே. அவ நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பா. பிரித்தானிய வழக்கத்தில் வோபரின் 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 மில்லிகிராம் நீலம், 5 மில்லிகிராம் இளஞ்சிவப்பு. நிறம் மாறாத வரைக்கும் அது நல்ல முறைதான். 2022-ல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, கிடைத்த இடத்தில் கிடைத்த கம்பனியின் குளிசையை வாங்கினபோது அந்த முறையும் ஆட்டம் கண்டது.

வயது போனவர்களுக்கு இது ஏன் கூடத் தாக்குகிறது என்று கேட்டால், ஈரலும் சிறுநீரகமும் மெதுவாகிவிடும், உடம்பு மெலியும், வருத்தம் நாலைந்து சேர்ந்திருக்கும், ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு குளிசை சேரும். அதோடு அவர்கள் வாட்டில் படுத்திருக்கிற நோயாளிகள் இல்லை. மாதம் ஒரு நாள் வரிசையில் நின்று மருந்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். மற்ற இருபத்தொன்பது நாளும் என்ன நடக்கிறது என்று கண்காணிக்க ஒரு தாதியும் இல்லை. குசினியும் பக்கத்து வீடும் பாமசியும்தான்.

குசினியைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுறன். வோபரின் குடிக்கிற ஆட்கள் கீரையே சாப்பிடக்கூடாது என்று எங்கட பக்கம் ஒரு கதை உலாவுது. வல்லாரை, முருங்கையிலை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் விற்றமின் கே இருக்கு, அது வோபரினுக்கு எதிராக இழுக்கும், உண்மைதான். ஆனால் அதற்காக விடத் தேவையில்லை. ஒவ்வொரு கிழமையும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் அந்த அளவுக்கு ஏற்ற மாதிரி டொக்டர் குளிசையைத் தீர்மானிப்பார். ஒரு மாதம் கீரையே இல்லாமல் இருந்துவிட்டு அடுத்த மாதம் தினமும் முருங்கையிலை வறை என்றால்தான் குழப்பம். பனடோல் ஒன்றிரண்டு பரவாயில்லை, நாள் தவறாமல் கிழமைக்கணக்கில் விழுங்கினால் அதுவும் ஐ.என்.ஆரைக் கூட்டும். மெதைல் சலிசிலேற்று உள்ள நோவு எண்ணெயை உடம்பெல்லாம் தேய்த்தால்கூட தோலுக்குள்ளால் போய் வேலை காட்டும். பூஞ்சணத் தொற்றுக்குக் கொடுக்கிற ஃபுளுக்கொனசோல், சலக்கடுப்புக்குக் கொடுக்கிற கோட்ரைமொக்சசோல் இரண்டும் மெற்றோனிடசோலின் கூட்டாளிகள். பரியாரியாரின் சூரணத்தையும் மறைக்காமல் சொல்லவேணும். அவரைக் குறை சொல்லவில்லை, ஈரலுக்கு அதுவும் ஒரு ஆள். இதையெல்லாம் வாசித்துவிட்டுப் பயந்து யாரும் வீட்டில் உள்ளவர்களின் வோபரினைத் தாங்களாக நிறுத்தவேண்டாம், நிறுத்தினால் பாரிசவாதம் காத்துக்கொண்டிருக்கு.

இப்ப புது மருந்துகள் வந்திருக்கே என்று மருத்துவபீடத்து நண்பன் கேட்டான். 2010-க்குப் பிறகு வந்த டபிகாட்ரன், றிவரொக்சபன் போன்றவை. மாதாமாதம் ஐ.என்.ஆர். பார்க்கத் தேவையில்லை, கீரையும் பிரச்சினை இல்லை. பலருக்கு அதுதான் நல்லது. ஆனால் உலோக வால்வு வைத்தவர்களில் டபிகாட்ரனைச் சோதித்தபோது, கட்டியும் கூடினது ரத்தப்பெருக்கும் கூடினது, ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். மூட்டுக் காய்ச்சலால் வால்வு கெட்டு நெஞ்சு தாளம் தப்பினவர்களில் றிவரொக்சபனை விட வோபரின் வகை மருந்தே நல்லது என்று 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று சொன்னது. மூட்டுக் காய்ச்சல் நெருக்கமான வீடுகளில் வாழ்கிற ஏழைப் பிள்ளைகளைப் பிடிக்கிற நோய். பணக்கார நாடுகள் அதை ஏறக்குறைய மறந்துவிட்டன. ஆகவே அம்மம்மா போன்ற ஆட்களுக்கு கார்ல்சனின் பால் கானிலிருந்து வந்த பழைய குளிசைதான் இன்னும் கொஞ்சக் காலத்துக்கு.

நாங்கள் செய்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு தாளில் அவ குடிக்கிற எல்லாக் குளிசையின் பொதுப் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, மேலே சிவப்பில் வோபரின் என்று போட்டு, மூன்று கொப்பிக்கும் ஒவ்வொரு பிரதி ஒட்டினோம். நாலாவது பிரதி வெற்றிலைப் பைக்குள். பை எங்கே போகாவிட்டாலும் அது போகும்.

ஒட்டிக்கொண்டிருந்தபோது அவவுக்கு மாட்டுக் கதை முழுக்கச் சொன்னேன். அம்மப்பா இருந்த காலத்தில் இருபது மாடு வளர்த்த மனுசி, எலிக் கதையை விட மாடுதான் அவவுக்குப் பிடித்தது. பனிக்குள்ளால் லொறி ஓட்டிக்கொண்டு போன இடம் வந்தபோது வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டா.

"பூஞ்சணம் புடிச்சதெண்டு அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்று கேட்டா. "மணத்திலயே தெரியுமே."

"தெரிஞ்சிருக்கும், அம்மம்மா."

"வேற தீன் இருந்திருக்காது புள்ள. அதுதான் போட்டிருக்கிறான்."

பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டே, அந்த நோவுக் குளிசைக்குப் பதிலாக வோபரினோடு ஒத்துவாறது ஏதும் இருக்கா என்று அடுத்த கிளினிக்கில் கேட்டுச் சொல்லச் சொன்னா. பெரும்போக விதைப்பு தொடங்க இன்னும் மூன்று கிழமைதான் இருந்தது.